சூப்பர்சார்ஜர் புல்லியை மாற்றலாமா? மேட்டுப்பாளையத்தில் இறங்கி முடிவு செய்யுங்கள்

கோயம்புத்தூரில் சூப்பர்சார்ஜர் வைத்த பழைய மெர்சிடிஸ் சி200 கொம்ப்ரெஸர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி குன்னூருக்கு ஓட்டி வந்தேன். கல்லாறு வரைக்கும் ராஜா மாதிரி இழுத்த வண்டி, பர்லியார் தாண்டியதும் கொஞ்சம் சோர்ந்தது. ஊட்டி போனபோது இன்னும் சோர்வு. டாஷ்போர்டில் முந்தைய ஓனர் ஒட்டிவைத்திருந்த பூஸ்ட் மீட்டர் (வெளிக்காற்றுக்கு மேல் என்ஜினுக்குள் எவ்வளவு கூடுதல் அழுத்தம் போகிறது என்று பி.எஸ்.ஐ. அளவில் காட்டுவது) கீழே 8 பி.எஸ்.ஐ. காட்டியது, சேரிங் கிராஸ் பக்கம் 6-ஐத் தாண்டவே இல்லை. மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சின்ன புல்லி ஒண்ணு போட்டுட்டா பறக்குங்ண்ணா" என்றார். பானெட்டைத் திறக்கவே இல்லை.

அன்றைக்கே ஆர்டர் போட்டிருந்தால் ஒரு என்ஜினைக் கெடுத்திருப்பேன். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, எந்த வரிசையில் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். நீலகிரியில் இருப்பவர்களுக்காக எழுதுவது, கொடைக்கானல்காரர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

புல்லி என்ன செய்கிறது

சூப்பர்சார்ஜர் என்பது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் பம்ப். டர்போவைப் போலப் புகையின் வேகத்தில் சுற்றுவதில்லை. என்ஜினின் முக்கியத் தண்டு கிராங்க். அதன் முனையில் இருக்கும் பெல்ட் சக்கரமான கிராங்க் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் வந்து இதைச் சுற்றவைக்கிறது. கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், சூப்பர்சார்ஜர் புல்லி 75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், என்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது பம்ப் இரண்டு சுற்று. என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடினால் பம்ப் 12,000-ல். சூப்பர்சார்ஜர் பக்கம் சின்ன புல்லி போட்டால் பம்ப் இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று அதிகம் போகும், பெட்ரோலும் கூடக் கொடுத்தால் பவர் கூடும். வித்தை இவ்வளவுதான்.

விற்பவர் "15 சதவீத புல்லி" என்று சொன்னால், எது 15 சதவீதம் என்று கேளுங்கள். விட்டம் 15 சதவீதம் குறைந்தால் 75 என்பது 63.75 ஆகும். அப்போது பம்ப் வேகம் 15 அல்ல, 17.6 சதவீதம் கூடுகிறது, அதாவது 14,100-க்கு மேல். வேகம்தான் 15 சதவீதம் கூடுகிறது என்றால் புல்லி 65.2 இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பம்ப் தயாரித்தவர் சொல்லும் உச்ச சுழற்சி எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அந்த ஒன்றரை பெரிய விஷயம்.

உங்கள் வீட்டில் காற்று எவ்வளவு

நான் தடுக்கி விழப்போனது இந்த இடத்தில்தான், இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

காரின் சென்சார் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி போனில் பார்க்கும் சாதாரண ப்ளூடூத் ஸ்கேனர் போதும். சாவியை ஆன் செய்யுங்கள், என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மேனிஃபோல்ட் பிரஷர் என்ற வரியைப் பாருங்கள். என்ஜின் ஓடாதபோது அது காட்டுவது உங்கள் ஊர்க் காற்றழுத்தத்தைத்தான். மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கல் பக்கம் வரும். குன்னூரில் 81. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 77. ஒரே கார், ஒரே சென்சார், நடுவே ஐம்பது கிலோமீட்டர் ரோடுதான்.

இனி பம்பின் கோணத்தில் யோசியுங்கள். ரூட்ஸ் வகைப் பம்ப் (இரண்டு சுழலிகள் காற்றை அள்ளித் தள்ளும் வகை), வெளியில் இருக்கும் காற்றை இத்தனை மடங்காக்கி உள்ளே தள்ளும் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்று 14.1 பி.எஸ்.ஐ., அதன் மேல் மீட்டர் 8 காட்டுகிறது, மொத்தம் 22.1. அப்படியென்றால் பம்ப் காற்றை 1.57 மடங்காக்குகிறது. ஊட்டியில் வெளிக்காற்று 11.2. அதையும் 1.57 மடங்காக்கினால் 17.5 பக்கம். வெளிக்காற்றைக் கழித்தால் மீட்டரில் மிஞ்சுவது 6.3. பம்பில் ஒரு கோளாறும் இல்லை. அது தன் வேலையை அப்படியே செய்கிறது, அதற்குக் கிடைக்கும் காற்றுதான் மெல்லியது.

சரி, ஊட்டியிலும் 8 வேண்டும் என்று அடம்பிடித்து, பம்ப் வேகத்தைச் சுமார் 10 சதவீதம் கூட்டும் புல்லியைப் போடுகிறோம். இப்போது பம்ப் காற்றை 1.71 மடங்காக்குகிறது, ஊட்டி மீட்டரில் 8 வந்துவிட்டது, மனசுக்கும் நிம்மதி. அடுத்த வாரம் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போகிறோம். மேட்டுப்பாளையத்தில் அதே புல்லி அதே 1.71 மடங்கைக் கொடுக்கும்: 14.1 என்பது 24.2 ஆகி, மீட்டர் 10-ஐத் தொடும். கம்பெனி 8-க்குக் கணக்குப் போட்ட என்ஜின் 35 டிகிரி வெயிலில் 10 வாங்குகிறது.

டர்போவாக இருந்தால், புகையில் ஒரு பங்கை டர்போவைச் சுற்றித் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவு மலைமேல் கொஞ்சம் மூடி, கீழே கொஞ்சம் திறந்து இதைச் சமாளித்துக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் கிராங்கோடு கட்டிப்போட்ட மாடு. எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

அதனால் புல்லியின் அளவை மலைமேல் நின்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் கார் போகக்கூடிய மிகத் தாழ்ந்த, மிகச் சூடான ஊரில் நின்று முடிவு செய்யுங்கள். நம் பக்கம் அது மேட்டுப்பாளையம், இல்லையென்றால் மே மாதக் கோயம்புத்தூர். "நான் கீழேயே போறதில்லைங்க" என்று சொல்லும் ஊட்டிக்காரர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு, ஏர்போர்ட்டுக்கு, நல்ல பிரியாணிக்கு, எல்லாரும் கீழே போகத்தான் செய்கிறோம்.

சோர்வு உயரத்தாலா, ஓட்டையாலா

ஒரு பகுதி சோர்வு உயரத்தால் வருவது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். 35 டிகிரி மேட்டுப்பாளையத்தையும் 15 டிகிரி ஊட்டியையும் ஒப்பிட்டால், காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் அழுத்தம் இறங்கிய அளவுக்கு இது இறங்கவில்லை, ஊட்டிக் குளிருக்கு அந்த விதத்தில் ஒரு நன்றி. உங்கள் கார் இந்தக் கணக்குக்கும் மேல் சோர்ந்தால் அது கோளாறு. கோளாறு இருக்கும் என்ஜினில் சின்ன புல்லி போடுவது, ஓட்டை வாளியில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவதுதான்.

பார்க்க வேண்டியவை: ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்பிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாய்களின் கிளாம்ப், பைபாஸ் வால்வு. பைபாஸ் வால்வைப் புதியவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். மெதுவாகப் போகும்போது காற்றைப் பம்பைச் சுற்றித் திருப்பிவிடுவதும், ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மூடிக்கொள்வதும் அதன் வேலை. பாதி திறந்த நிலையில் அது சிக்கிக்கொண்டால் எந்தப் புல்லி போட்டாலும் பூஸ்ட் ஏறாது. மலையில் இன்னொன்றும் உண்டு, எலி. மழைக்காலத்தில் சூடான என்ஜின் மேல் குடிவந்து வயரையும் வேக்குவம் குழாயையும் கடித்துவைக்கும்.

என் காரில் எலி இல்லை. கோயம்புத்தூரில் வேறொரு பட்டறையில் ஸ்மோக் டெஸ்ட் செய்தோம். இன்டேக் குழாயை அடைத்துவிட்டு உள்ளே புகையை மெல்லிய அழுத்தத்தில் அனுப்புவார்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை தலையை நீட்டும். இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் சூப்பர்சார்ஜருக்குப் பின்னால், கை நுழையாத மூலையிலிருந்து ஊதுபத்தி மாதிரி ஒரு கோடு எழுந்தது. எண்ணெய் ஊறி அல்வா பதத்துக்கு வந்துவிட்ட பிரீதர் ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே கொண்டுபோகும் குழாய்), வளைவில் விரல் நகம் அளவுக்குக் கிழிந்திருந்தது. இந்த எம்271 என்ஜினில் அந்த ஹோஸ் போவது பலருக்கும் தெரிந்த வியாதியாம், எனக்குத்தான் தெரியாது. மாற்றிய பிறகு ஊட்டியில் மீட்டர் அதே 6 பக்கம்தான் நின்றது, ஆனால் ஐட்லிங்கில் இருந்த நடுக்கம் போய், வண்டி காலடியிலேயே பதில் சொல்ல ஆரம்பித்தது. என் சோர்வில் பாதி பூஸ்ட் சம்பந்தப்பட்டதே இல்லை.

இதே என்ஜின் வைத்திருப்பவர்கள் டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் சங்கிலி) நீண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கம் ஒரு கடகட சத்தம் வந்தால் புல்லிப் பேச்சையே எடுக்காதீர்கள்.

முழு த்ராட்டில் எத்தனை வினாடி

ஸ்கேனர் ஆப்பில் ரெக்கார்ட் போட்டுவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீங்கள் வழக்கமாக ஓட்டுகிறபடியே ஓட்டி வாருங்கள். வீட்டுக்கு வந்து த்ராட்டில் வரியைப் பாருங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள், முன்னால் ஒரு அரசு பஸ், அதற்கு முன்னால் காய்கறி லாரி. முழு த்ராட்டில் எனக்கு மொத்தம் ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. மீதி நேரத்தில் பெரும்பகுதி பைபாஸ் திறந்திருந்திருக்கும். பைபாஸ் திறந்திருக்கும்போது சின்ன புல்லி உங்களுக்கு எதையும் தருவதில்லை. பம்பை வேகமாகச் சுற்றுவதற்கு என்ஜினிடமிருந்து கொஞ்சம் பவரையும் பெட்ரோலையும் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

உங்களுக்கும் இதே மாதிரி வந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் நல்ல பிரேக் பேடும் புது பிரேக் ஆயிலும் போடுங்கள். இறங்கும்போது புல்லி எந்த உதவிக்கும் வராது.

சூடும் பெட்ரோலும்

காற்றை அழுக்கினால் சூடாகும், சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். பம்பின் திறன் 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரிக் காற்று, பழைய புல்லியில் பம்பை விட்டு வெளியே வரும்போது 112 டிகிரி பக்கம் இருக்கும். மேலே சொன்ன சின்ன புல்லியில் 128. அதே சின்ன புல்லி, ஊட்டியின் 15 டிகிரிக் காற்றில் 102. இது இன்டர்கூலருக்கு முந்தைய கணக்கு. இன்டர்கூலர் நிறையக் குறைக்கும், ஆனால் அதற்கு எதிர்காற்று வேண்டும். சீசன் நாளில் பர்லியாரில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எங்கிருந்து வரும் எதிர்காற்று? அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு, இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஓவர்டேக் செய்ய ஒரே மிதியாக மிதிப்போம். என்ஜினுக்கு ஆபத்தான வினாடி அதுதான்.

அந்த வினாடியில் சூடான காற்றும் பெட்ரோலும் பிளக் பற்றவைத்த நெருப்பு வந்து சேரும்வரை காத்திருக்காமல் தானே வெடித்தால் அது நாக்கிங். டம்ளரில் சில்லறை குலுக்கும் சத்தம் மாதிரி கேட்கும். நாக் சென்சார் உடனே இக்னிஷனை (பிளக் நெருப்பு விடும் நேரத்தை) தாமதப்படுத்தி என்ஜினைக் காப்பாற்றும், கூடவே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பவரையும் எடுத்துக்கொள்ளும். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் எந்த ஆக்டேன் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 95 என்று இருந்தால், கூடுதல் பூஸ்டுக்கு அதற்குக் கீழே யோசிக்கவே கூடாது. 100 ஆக்டேன் பெட்ரோல் நம் நாட்டிலும் விற்கிறார்கள், ஆனால் சில பங்க்குகளில் மட்டும். அதை நம்பி ட்யூன் செய்துவிட்டு கூடலூர் ரோட்டில் டேங்க் காலியானால் கிடைப்பதைத்தான் ஊற்ற வேண்டும்.

இதையும் அளந்து பாருங்கள். இப்போதிருக்கும் பழைய புல்லியோடு, மதியம் இரண்டு மணிக்கு, மேட்டுப்பாளையம் பக்கம் காலியான நேர்ரோட்டில், மூன்றாவது கியரில் ஒரு இழுப்பு. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து போனைப் பார்க்கட்டும், ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. இன்டேக் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது, இக்னிஷன் டைமிங் எவ்வளவு பின்வாங்குகிறது என்று பாருங்கள். பழைய புல்லியிலேயே டைமிங் பின்வாங்கினால் உங்கள் என்ஜினில் மிச்சம் வைத்த இடம் எதுவும் இல்லை. முதலில் இன்டர்கூலரைச் சுத்தம் செய்யுங்கள், கார்பனை எடுங்கள், நல்ல பெட்ரோல் போடுங்கள்.

எந்தப் புல்லி, எந்த பெல்ட்

இவ்வளவையும் தாண்டி வந்தவருக்குத்தான் இந்தப் பகுதி.

கிராங்க் புல்லியைப் பெரிதாக்கினாலும் பம்ப் வேகம் கூடும். ஆனால் அதைத் தொடாதீர்கள். பல கார்களில் கிராங்க் புல்லி வெறும் சக்கரம் அல்ல, நடுவே ரப்பர் வைத்த டாம்பர். கிராங்கின் முறுக்கு அதிர்வை வாங்கிக்கொள்வது அதுதான். அதை எடுத்துவிட்டு பளபளப்பான அலுமினியச் சக்கரம் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே கிராங்க் அடி வாங்கும். தவிர, அதே பெல்ட்டில் இருக்கும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரெசர் எல்லாமே வேகமாகச் சுற்றும். சூப்பர்சார்ஜர் பக்கத்துப் புல்லியை மட்டும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். அதிலும் விதிவிலக்கு உண்டு. 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் காரில் வாட்டர் பம்ப்பையே சூப்பர்சார்ஜர்தான் ஓட்டுகிறது, அங்கே புல்லியைத் தொட்டால் தண்ணீர் ஓட்டமும் மாறும். புல்லி மாற்றும் பழக்கம் அந்தக் கார்க்காரர்களிடம் ரொம்பப் பிரபலம். 15 சதவீதம் என்ற மந்திரமும் அங்கே அடிக்கடி கேட்கும். கடல்மட்டத்தில் வாழ்பவர்களின் மந்திரம் அது.

கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, "நானே கடைஞ்சு தரேங்க" என்பார்கள். கடைந்தும் தருவார்கள். ஆனால் ரிப் பெல்ட்டின் காடிக்கு அளவு உண்டு: காடிக்குக் காடி 3.56 மில்லிமீட்டர், கோணம் 40 டிகிரி. அது கொஞ்சம் தவறினாலும் பெல்ட் ஒரு பக்கமாக ஏறித் தேயும். 14,000-ல் சுற்றும் பொருளுக்கு பேலன்ஸ் பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் எழுதித் தருவாரென்றால் சரி. இல்லையென்றால் அந்த என்ஜினுக்கென்றே செய்து விற்கும் புல்லியை வாங்குங்கள்.

பெல்ட்டின் முதுகில் 6பிகே1550 மாதிரி எண் இருக்கும். ஆறு காடி, 1,550 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். புல்லியின் விட்டம் 10 மில்லிமீட்டர் குறைந்தால், பெல்ட் பாதிச் சுற்றைத் தழுவுகிறது என்ற கணக்கில் சுமார் 16 மில்லிமீட்டர் குட்டையான பெல்ட் வேண்டும். பழைய பெல்ட்டையே டென்ஷனர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், பனி இறங்கிய காலையில் கீச்சென்று கத்தும். சின்ன புல்லியில் பெல்ட் பிடிக்கும் பரப்பும் குறைவு, வழுக்க ஆரம்பித்தால் கூடுதல் பூஸ்ட் எல்லாம் கறுப்புத் தூளாக பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும்.

ஈசியூ

ஈசியூ என்பது என்ஜினை நிர்வகிக்கும் கணினி, அதன் அமைப்பை மாற்றுவதுதான் ட்யூனிங். புல்லியை மட்டும் மாற்றிவிட்டு ட்யூனிங் வேண்டாம் என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். பல புதிய கார்களில் பைபாஸை ஈசியூவே திறந்து மூடுகிறது. எதிர்பார்த்ததைவிட அதிகக் காற்று வந்தால் அதைத் திறந்துவிட்டுவிடும், உங்களுக்குச் சத்தம் மட்டும் மிஞ்சும். மாறாக, இதே வசதியை நமக்குச் சாதகமாகவும் ஆக்கலாம். கீழே 8-க்கு மேல் போகும்போது பைபாஸைத் திறக்கும்படி ட்யூன் செய்ய முடிந்தால், மலைமேல் முழுப் பூஸ்ட், கீழே பழைய பூஸ்ட். மலைவாசிக்கு நியாயமான ஒரே வழி என்று நான் நினைப்பது இதுதான். ட்யூன் செய்பவரிடம் இந்தக் கேள்வியை இப்படியே கேளுங்கள். அவர் முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள். டைனோவில் (நின்ற இடத்திலேயே வண்டியை ஓட்டி பவரை அளக்கும் இயந்திரம்) ஏற்றி, ஏர்-ஃப்யூல் விகிதம் அளந்து, அந்த வரைபடத்தைக் கையில் தர வேண்டும். அதுவும் கீழே, கோடையில்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வாகனத்தை மாற்றுவது பற்றிப் பேசுகிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் அது போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போடுகிற நாள்

பல கார்களில் புல்லி தண்டில் இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். அதற்கென்று புல்லர் இருக்கிறதா என்று பட்டறையில் முதலில் கேளுங்கள். சுத்தியலை எடுத்தால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், முன்பக்கத்து பேரிங் அதில்தான் சாகும். பழைய புல்லி தண்டில் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருந்தது என்று கழற்றும் முன் அளந்து எழுதிவைக்கச் சொல்லுங்கள், புதியது அதே ஆழத்தில் உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் பெல்ட் கோணலாக ஓடும். திறந்ததோடு திறந்ததாக சூப்பர்சார்ஜர் ஆயிலையும் மாற்றிவிடலாம். அதற்கென்று தனி ஆயில் உண்டு, என்ஜின் ஆயிலை ஊற்ற விடாதீர்கள்.

முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மென்மையாக ஓட்டுங்கள். அப்புறம் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து பெல்ட்டின் ஓரத்தைப் பாருங்கள், நூல் பிரிந்திருக்கக் கூடாது, தூள் இருக்கக் கூடாது. பிறகு மறுபடியும் மேட்டுப்பாளையம், மறுபடியும் மதியம் இரண்டு மணி, மறுபடியும் அதே மூன்றாவது கியர் இழுப்பு. பழைய ரெக்கார்டைப் பக்கத்தில் வைத்து இன்டேக் வெப்பத்தையும் டைமிங்கையும் ஒப்பிடுங்கள். முன்பைவிட டைமிங் அதிகம் பின்வாங்கினால், பழைய புல்லியையும் பழைய பெல்ட்டையும் டிக்கியிலிருந்து எடுத்துப் பட்டறைக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். டிக்கியில் வைத்திருக்கிறீர்கள்தானே?